சேவையின் பெயரால் பறிக்கப்படும் உரிமை

2020 மே மாதம், கோவிட் பெருந்தொற்றின் நடுவே, விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. அதே ஆண்டு செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், ஒன்றிய பாஜக அரசு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பை நிறைவேற்றிக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. மலர் தூவிப் போற்றப்பட்ட செவிலியர்களின் கூட்டுபேர உரிமைக்கு அதில் இரண்டு ஆபத்துகள் ஒளிந்துள்ளன.

முதலாவது, ‘தொழில்’ என்பதன் வரையறை. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு, மருத்துவமனைகளையும் தொழில் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. புதிய தொகுப்போ அறப்பணி, சமூகசேவை அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை வரையறையிலிருந்து விலக்குகிறது. அறக்கட்டளைப் பெயரில் இயங்கும் தனியார் மருத்துவமனைகள் எத்தனை! நோயாளியிடம் கட்டணம் வசூலிக்கும்போது வணிகம். செவிலியர் ஊதியம் கேட்கும்போது தர்மம்!

இரண்டாவது, ‘தொழிலாளி’ என்பதன் வரையறை. மாதம் ரூ.18,000க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர் தொழிலாளி அல்ல என்கிறது தொகுப்பு. உச்சநீதிமன்றத்தின் 2016 உத்தரவையடுத்து அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான மருத்துவமனையில்கூட செவிலியர் ஊதியம் ரூ.20,000க்குக் குறையக் கூடாது என்றது. அந்த நியாயமான ஊதியத்தைத் தந்து, ‘வார்டு பொறுப்பாளர்’ என்ற பட்டத்தையும் சூட்டிவிட்டால், சங்கத்தின் முன்னணிச் செவிலியரையே தொழிலாளி அல்ல என்று நிர்வாகம் வாதிட வழி பிறக்கிறது.

இது வீண் அச்சமல்ல. அமெரிக்காவில் 2006இல் இதுவே நடந்தது. ஷிப்டில் சக செவிலியர்களுக்கு நோயாளிகளைப் பிரித்து ஒப்படைக்கும் நிரந்தரப் பொறுப்புச் செவிலியர்கள் மேற்பார்வையாளர்களே என்று அந்நாட்டின் தேசிய தொழிலாளர் உறவு வாரியம் முடிவு செய்தது. தொழில் திறனால் எழும் பொறுப்பே சங்க உரிமையைப் பறிக்கும் காரணமாயிற்று.

ஒரு செவிலியரிடம் எத்தனை நோயாளிகளை ஒப்படைப்பது என்பது ஊதியப் பிரச்சனை மட்டுமல்ல; நோயாளிகளின் உயிர்ப் பிரச்சனை. அதைப் பேச செவிலியருக்குச் சங்கம் வேண்டும். நிபுணர் குழுவின் பரிந்துரை கேரளத்தில்கூடத் தானாக அமலாகிவிடவில்லை; 2017இல் செவிலியர்கள் போராடிய பின்னரே, 2018இல் ரூ.20,000 குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கையானது.

எனவே, தொழிலாளர் விரோதத் தொகுப்புகளைத் திரும்பப் பெறுக என்ற முழக்கம் ஆலை வாயில்களோடு நின்றுவிடக் கூடாது. மருத்துவமனை வாயில்களிலும் ஒலிக்க வேண்டும். செவிலியர்களைச் சங்கமாகத் திரட்டுவது தொழிற்சங்க இயக்கத்தின் உடனடிக் கடமையாகும்.