பாகு காத்திருப்பதில்லை



கார்த்திகைத் தீபத்தன்று இந்து அயலார் அன்புடன் அளிக்கும் பொரி உருண்டையை நம்மில் பலர் சுவைத்திருக்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாமும் அதனைச் செய்து கைம்மாறு அளிக்கலாமே!

5 கோப்பைப் பொரிக்கு 1 கோப்பை வெல்லம் போதும். நமுத்த பொரியை வெறுஞ்சட்டியில் சற்றே சூடாக்குக. வெல்லத்தைக் கால் கோப்பை நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுக. ஒரு துளியைக் குளிர்நீரிலிட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டக்'கென ஒலிக்க வேண்டும், அதுவே பதம். முந்தி இறக்கினால் உருண்டை பிசுபிசுக்கும். ஏலம், சுக்கு, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல் சேர்த்துப் பொரியுடன் கிளறுக.

பாகு கொதிநீரினும் சுடும், தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சிறுவர் அடுப்பருகே வரலாகாது. கை பொறுக்கும் சூடு வந்ததும், அரிசிமாவு தொட்டுப் பெரியோர் உருட்டுக. ஆறிவிட்டாலோ உருண்டை பிடிக்க வராது. தாய் தனித்து உருட்டினால் பாதி உதிரியாகவே எஞ்சும். எனவே தந்தையரே, செய்தித்தாளைச் சற்று மடித்து வையுங்கள். உங்கள் கரங்களும் தேவை. ஆறிய உருண்டைகளை அயலார் இல்லங்களுக்கு எடுத்துச் செல்வது பிள்ளைகளின் பங்காகட்டும்.