முப்பதில் இருபத்தைந்து வீட்டுக்கு

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றது 1933 மார்ச் 4-ல். பெருமந்தத்தில் நாடு முடங்கிக் கிடந்தது. உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த மாதம் முடிவதற்குள் இளைஞர்களைக் காட்டு வேலைக்கு அனுப்பும் சட்டம் வந்துவிட்டது. ஏப்ரல் 17-ல் வர்ஜீனியாவின் லூரே ஊருக்கு அருகே முதல் முகாம். ஜூலைக்குள் முகாம்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல்!

அரசு இயந்திரம் இவ்வளவு வேகமாக ஓடியதற்குக் காரணம், புதிதாக ஒரு துறையைக் கட்டி எழுப்பாததுதான். ஆள் எடுத்தது தொழிலாளர் துறை. முகாமை நடத்தியது ராணுவம். வேலை கொடுத்தவை வேளாண் துறையும் உள்துறையும். நாளுக்கு ஒரு டாலர் கூலி, அதிலும் ராணுவ மேற்பார்வை என்றதும் தொழிற்சங்கங்கள் கொதித்தன. சங்கத் தலைவர்களில் ஒருவரான ராபர்ட் ஃபெக்னரையே திட்டத்தின் இயக்குநராக்கினார் ரூஸ்வெல்ட். சாமர்த்தியம்தான்.

ஆனால், திட்டத்தின் உயிர்நாடி கூலிக் கணக்கில் இருந்தது. மாதம் 30 டாலர். அதில் பெரும்பாலும் 25 டாலர் நேராகக் குடும்பத்துக்குப் போய்விடும். சோறும் துணியும் படுக்கையும் முகாமில் கிடைத்ததால், பையனின் கைச்செலவுக்கு ஐந்து டாலர் போதும். நட்ட கன்று மரமாக முப்பது வருடம் ஆகலாம். மளிகைக் கடைக்காரர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பார். பெயரில் இது காடு வளர்ப்பு. நடப்பில், வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளை உருவாக்கிய திட்டம்.

ஒன்பது ஆண்டுகளில் நடப்பட்டவை சுமார் 300 கோடி மரங்கள். வேலை கொடுத்தாக வேண்டும் என்ற அவசரம் காட்டையும் காயப்படுத்தியது. ஒரு குழு மீன்களுக்காக ஓடையைச் சீர்செய்ய, இன்னொரு குழு சாலைக்காகக் கரையை வெட்டி அதே ஓடையைக் கலக்கியதைச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் கண்டித்து எழுதினார். மண் அரிப்பைத் தடுக்கத் தென் மாநிலங்களில் நட்ட குட்ஸு கொடி, பின்னாளில் மரங்களையே மூடிப் படர்ந்தது.

இனப் பாகுபாடு கூடாது என்று சட்டத்தில் எழுதிவைத்தும், கறுப்பின இளைஞர்களுக்குப் பெரும்பாலும் தனி முகாம்தான். பெண்களுக்கு இதில் இடமே இல்லை.

திட்டத்தை நிரந்தரமாக்க ரூஸ்வெல்ட் 1937-ல் கேட்டபோது நாடாளுமன்றம் இணங்கவில்லை. 1942-ல் நிதியும் நின்றது. போர் வந்ததால் இளைஞர்களுக்கு ராணுவமும் ஆலைகளும் வேலை கொடுத்தன. காட்டில் செய்ய வேண்டிய வேலை அப்படியே இருந்தது.