படித்தரம் போட்ட பிறகு டப்பா வாங்கலாம்

தமிழில் ஒரு சிக்கல் இருக்கு. பேங்க்ல பணம் போடுறதும் சேமிப்பு, பருப்பை டப்பாவில் போடுறதும் சேமிப்பு. இந்தக் குழப்பத்தில்தான் நிறைய பேர் 'கிச்சன் ஆர்கனைசிங்' என்ற பேரில் பணத்தைக் கரைக்கிறாங்க. ஒரே மாதிரி மூடி போட்ட 24 டப்பா செட், சுழலும் மசாலா ஸ்டாண்டு, இழுத்தா வரும் கூடை. வாங்கும்போது ஏதோ பொறுப்பான காரியம் செஞ்ச மாதிரி ஒரு திருப்தி. ஆனா பட்ஜெட் ஷீட்டில் அது செலவுதான்.

ஆடிட்டுக்குப் போற இடத்தில் நாங்க குடோனோட அழகைப் பார்ப்பதில்லை. சரக்கை எண்ணச் சொல்வோம். எவ்வளவு இருக்கு, எவ்வளவு நாளா இருக்கு, மாசம் எவ்வளவு போகுது? இந்த மூணும் தெரியாத கம்பெனி எத்தனை ரேக் போட்டாலும் பணம் முடங்கித்தான் கிடக்கும். வீட்டுச் சமையலறையும் ஒரு ஸ்டாக் ரூம்தான்.

நம்ம காஞ்சிபுரத்தில் இதுக்குப் பல நூறு வருஷமா ஒரு ஏற்பாடு இருக்கு: படித்தரம். கோயிலில் ஒரு நாள் தளிகைக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, நெய் எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று வகுத்து வைத்த அளவு. பழைய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தீங்கன்னா இத்தனை நாழி அரிசி, இத்தனை உழக்கு நெய் என்று கணக்கு வெட்டியிருப்பாங்க. சரக்கு இருக்கும் அறைக்குப் பேர் உக்கிராணம். அங்கிருந்து அளந்து கொடுத்தால்தான் மடப்பள்ளிக்குப் போகும். வைக்கிறவர் ஒருத்தர், சமைக்கிறவர் இன்னொருத்தர். நாங்க பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிச்ச இன்டர்னல் கன்ட்ரோல் இதுதான். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யுமா அதே ருசியில் வருதுன்னா, கைப்பக்குவத்தோட இந்த அளவுக்கும் அதில் பங்கு இருக்கு.

உங்க வீட்டுப் படித்தரம் உங்களுக்குத் தெரியுமா? துவரம்பருப்பு மாசம் எத்தனை கிலோ போகுதுன்னு கேட்டா, நல்லா சம்பாதிக்கிற, எஸ்ஐபி தேதி மறக்காத பசங்ககூட முழிக்கிறாங்க. கண்டுபிடிக்க ஆப் எதுவும் வேண்டாம். பாக்கெட்டைப் பிரிக்கிற அன்னிக்கு ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுதுங்க. தீர்ந்த அன்னிக்கு அதை ஒரு நோட்டில் குறிச்சு வைங்க. இரண்டு மாசத்தில் அளவு வந்துடும். அதுக்கப்புறம் டப்பா சைஸ் தானா முடிவாகும்: ஒரு மாசச் செலவு, கூட ஒரு வாரத்துக்கு. அந்த அளவுக்கு வேண்டிய எவர்சில்வர் சம்படமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பெரும்பாலான வீட்டில் ஏற்கெனவே இருக்கும். லேபிள் ஒட்டினா போதும்.

ஆஃபர் கணக்கையும் பார்த்துடுவோம். கிலோ 150 ரூபாய்ப் பருப்பு, 5 கிலோ வாங்கினா 10 சதவீதம் தள்ளுபடின்னு வெச்சுக்கங்க. மிச்சம் 75 ரூபாய். உங்க படித்தரம் மாசம் ஒரு கிலோதான். கடைசி அரைக் கிலோவில் வண்டு வந்துட்டா போறது 67 ரூபாய் 50 காசு. ஆக லாபம் ஏழரை ரூபாய். அதுக்காக 675 ரூபாயை மாசக்கணக்கில் ஷெல்ஃபில் முடக்கி, அதை வைக்க ஒரு பெரிய டப்பாவும் வாங்கியிருப்போம்.

இதைக் கேட்டுட்டு, அன்னன்னிக்குக் கொஞ்சம் கொஞ்சமா வாங்குவதுதான் சிக்கனம்னு முடிவு பண்ணிடாதீங்க. பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகளைப் பார்த்திருப்பீங்க. வெளிச்சமும் நீளமும் தறிக்கு, மிச்சம் இருக்கிற மூலை சமையலுக்கு. சம்பாதிச்சுக் கொடுக்கிற பொருளுக்குத்தான் நல்ல இடம். அந்த வரிசையில் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா அந்த வீடுகளில் 100 கிராம், 50 மில்லின்னு வாங்கினா அதுக்குக் காரணம் கையில் மொத்தமா காசு இல்லாததுதான். பொட்டலமா வாங்குறவங்கதான் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறாங்க. மாசச் சம்பளம் வாங்குற உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அந்த வசதியைச் சரியான சாமானுக்குப் பயன்படுத்துங்க.

எந்தச் சாமான்னு நம்ம பாட்டிமாருக்குத் தெரியும். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வருஷத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, உப்பு சேர்த்து ஜாடியில் அடைப்பாங்க. மிளகாயை வெயிலில் காயவெச்சு எடுத்து வைப்பாங்க. பருப்பில் விளக்கெண்ணெய் தடவுவாங்க, அரிசியில் வேப்பிலை போடுவாங்க. வரத்து அதிகமா, விலை குறைவா இருக்கும்போது, கெடாத பொருளை, தெரிந்த அளவுக்கு வாங்குறது. ஓட்ஸ், சியா விதை, பாதி மிச்சம் கிடக்கிற பாஸ்தா சாஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இடத்துக்கும் விலை இருக்கு. 600 சதுர அடி வீட்டுக்கு 9,000 வாடகைன்னா சதுர அடிக்கு 15 ரூபாய். 2 அடிக்கு 3 அடி ரேக் ஒண்ணு போட்டு அதில் பயன்படாத சாமானை அடுக்கினா மாசம் 90, வருஷம் 1,080 ரூபாய் அந்தச் சாமானுக்கு வாடகை கட்டுறீங்க. அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒரு தடவை எழுந்தருள்வார். 1979க்கு அப்புறம் 2019 ஜூலை, ஆகஸ்ட்டில் 48 நாள் தரிசனம் கொடுத்தார். நம்ம வீட்டில் சில சாண்ட்விச் மேக்கருக்கு அந்த முறைகூடக் கிடையாது. எங்க கணக்கில் சரக்கை, வாங்கின விலை அல்லது வித்தா வரும் விலை, இதில் எது குறைவோ அதில்தான் எழுதணும். பித்தளை அண்டாவுக்கு எடைக்குப் போட்டாலும் காசு உண்டு, பாட்டி பேரும் பொறிச்சிருக்கும், அது பரணிலேயே இருக்கட்டும். கால் உடைஞ்ச ஜூஸரோட மதிப்பு பூஜ்ஜியம்.

பெரிய செலவு மாடுலர் கிச்சன். இரண்டரை லட்சத்துக்குப் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 36 மாசம்னு போட்டுப் பாருங்க. இஎம்ஐ சுமார் 8,545. வட்டி மட்டும் 57,600 சொச்சம். மாசம் 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்குற வீட்டுக்கு அது ஒன்பதரை மாச மளிகை. கடனில்லாம கையில் காசு இருந்தா, தினம் சமைக்கிறவங்க கேட்டா, தாராளமா போடுங்க. முதுகு வலிக்கக் குனிஞ்சு சாமான் எடுக்கணும்னு சட்டம் இல்லை. ஆனா வீட்டில் என்ன இருக்குன்னே தெரியாத நிலையில் கதவை மட்டும் அழகாக்கினா, கதவுக்குப் பின்னாடி அதே குழப்பம்தான் இருக்கும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டில் இன்னொரு ஓட்டை. ஒரகடத்தில் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸில் வரும்போது அவர் போனில் எண்ணெய் ஆர்டர் பண்ணுவார், அதே நேரம் இவங்களும் பண்ணியிருப்பாங்க. கல்யாண வீட்டில் உக்கிராணச் சாவியை ஏன் ஒரே ஒரு கறாரான சித்தப்பாகிட்ட கொடுக்கிறாங்க? அதே காரணம்தான். ஆர்டர் போடுறது ஒருத்தர், இருப்பு எண்ணுறது இன்னொருத்தர். மாசம் ஒரு தடவை மாத்திக்கங்க. எண்ணுற வேலை எப்பவும் மனைவி தலையில்னு ஆயிடக் கூடாது.

கடைசியா, சமையலறையில் இருக்கக் கூடாத ஒரு சரக்கு: சிறுவாடு. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சதும், பருப்பு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் இருந்த பணமெல்லாம் வெளியே வந்தது. பல பெண்கள் வீட்டுக்காரருக்கே தெரியாத சேமிப்பை அன்னிக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்படி 2.5 லட்சத்துக்குள் டெபாசிட் செஞ்ச ஒரு இல்லத்தரசியோட வழக்கில், அதை அவங்க வருமானமாக் கருதி வரி போட முடியாதுன்னு ஆக்ராவில் இருக்கிற வருமான வரித் தீர்ப்பாயம் 2021ல் சொல்லிச்சு. நல்ல தீர்ப்பு. ஆனாலும் அத்தனை வருஷம் அந்தப் பணத்துக்கு வட்டி கிடைக்கலை. 20,000 ரூபாய் ஆறரை சதவீதத்தில் மூணு வருஷத்தில் 24,000 தாண்டியிருக்கும்.

அதனால அம்மா பேரிலேயே, அவங்க மட்டும் இயக்குற மாதிரி ஒரு கணக்கு தொடங்கிக் கொடுங்க. பாஸ்புக் அவங்ககிட்டயே இருக்கட்டும், எவ்வளவு இருக்குன்னு நீங்க கேட்காதீங்க. அலமாரியை ஒழிக்கிற ஞாயிற்றுக்கிழமை, "அந்தக் கடுகு டப்பாவை மட்டும் நான் பாத்துக்கறேன்"னு அவங்க சொன்னா, அடுத்த ஷெல்ஃபுக்குப் போயிடுங்க.