முதலில் ஓம், பிறகு ஆம்ப்

மியூசிக் பிளேயருக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் தேவையா? பதில் விளம்பரத்தில் இல்லை. ஹெட்போன் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

பெங்களூர் நீலசந்திராவின் நெருக்கமான தெருக்களில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தமிழ் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் இளையராஜாவை நிம்மதியாகக் கேட்க அவருக்கு ஒரே வழி ஹெட்போன். ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் பிடித்த பணத்தில் நல்லதாக ஒன்று வாங்குகிறார். பிளேயரில் செருகினால் பாட்டு சோகை பிடித்தாற்போல் ஒலிக்கிறது. "ஆம்ப் வேண்டும்" என்கிறார் ஒரு நண்பர். "கேபிளை மாற்று" என்கிறார் இன்னொருவர். இருவர் பேச்சையும் கேட்டால் அடுத்த மாத வாடகைக்குத் துண்டு விழும்.

1979இல் சோனி வாக்மேன் வந்தபோது இந்தக் குழப்பம் இல்லை. பெட்டியோடு வந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். 2001இல் ஐபாட் வந்தது. கையடக்கப் பெட்டியில் ஆயிரம் பாட்டு அடங்கியதும், வீட்டு ஸ்டீரியோவுக்காகச் செய்த பெரிய ஹெட்போன்களையும் அதில் மாட்ட ஆசை வந்தது. சட்டைப் பை ஆம்ப்ளிஃபையருக்கு மவுசு கூடியது அதனால்தான். 2016இல் ஐபோன் தன் 3.5 மில்லிமீட்டர் துளையை மூடியது. 2022இல் ஐபாட் உற்பத்தியே நின்றது. ஆனால் ஆம்ப் வியாபாரம் நிற்கவில்லை. கட்டைவிரல் அளவு 'டாங்கிள்' முதல் செங்கல் கனத்துப் பெட்டி வரை இன்று கிடைக்கிறது.

தேவையா, இல்லையா என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஓம், அதாவது ஹெட்போனின் மின்தடை. மற்றது டெசிபல்: 1 மில்லிவாட் கொடுத்தால் அது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற கணக்கு. 32 ஓம், 100 டெசிபல் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். இசையின் உச்சக்கட்டத்தில் ஒரு கணம் 110 டெசிபலைத் தொட அதற்கு 10 மில்லிவாட் போதும். வோல்ட் கணக்கில் 0.6க்கும் குறைவு. 300 ஓம், 97 டெசிபல் ஹெட்போனுக்கோ அதே ஒலிக்கு 20 மில்லிவாட், ஏறக்குறைய 2.5 வோல்ட் வேண்டும். பல போன்களும் சிறு பிளேயர்களும் 1 வோல்ட் அளவிலேயே மூச்சு வாங்கும். 300 ஓம் கொண்ட சென்ஹைசர் எச்.டி. 600 போன்றவற்றுக்கு ஆம்ப் ஆடம்பரம் அல்ல, அவசியம். போனோடு வந்த இயர்போனுக்கு அது வெறும் சுமை.

ஓம் குறைவென்றால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது. 'பிளேனர்' வகை ஹெட்போன்கள் சிலவற்றில் ஓம் குறைவு, பசி அதிகம். டெசிபலைச் சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்கும் சில 1 வோல்ட்டுக்கும் சொல்கின்றன. ஒப்பிடும்போது இதைக் கவனிக்க வேண்டும். "எங்கள் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி" என்ற விளம்பரத்தைக் கண்டும் மயங்க வேண்டாம். சக்தி இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல், அதாவது சுமார் பத்து மடங்கு சக்தி தேவை.

ஆம்பிலும் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு: அதன் வெளியீட்டு மின்தடை. அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நடைமுறை விதி. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள் இருக்கட்டும். மீறினால் சில இயர்போன்களில் தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் இடம் மாறிக் கனக்கும், இளைக்கும்.

அடுத்தது இணைக்கும் வழி. பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்புக்குப் போனால், ஏற்கெனவே பெருக்கிய ஒலியையே மறுபடி பெருக்குகிறோம். உள்ளே நுழைந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். 'லைன் அவுட்' இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. பழைய ஐபாடின் அடியிலுள்ள 30 பின் இணைப்பில் அந்த வசதி உண்டு. புதிய போன்களில் யு.எஸ்.பி. வழியாக டிஜிட்டலாகவே வெளியே எடுத்து, டாங்கிளில் ஒலியாக மாற்றிக்கொள்ளலாம்.

இனி கேபிள். பணம் அதிகம் கரையும் இடம் இதுதான். சாதாரண மெல்லிய செம்புக் கேபிள், 1.2 மீட்டர் நீளத்துக்குப் போய்வர ஏறத்தாழ அரை ஓம் தடை தரும். 32 ஓம் ஹெட்போனில் அதனால் குறையும் ஒலி 0.2 டெசிபலுக்கும் கீழே. வெள்ளி செம்பைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. எவ்வளவு? சுமார் 6 சதவீதம். விலையோ அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. கேபிளில் பார்க்க வேண்டியவை வேறு: பின் ஆடாமல் இருக்க வேண்டும், கழுத்துப் பகுதி உறுதியாக இருக்க வேண்டும், சட்டையில் உரசினால் காதில் கரகரக்கக்கூடாது. பிளேயருக்கும் ஆம்புக்கும் இடையே ஒரு சாண் நீளம் போதும். அறுந்தால், எஸ்.பி. ரோட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் புது பின் வாங்கிப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் கேட்டுப் பார்ப்பதிலும் ஒரு சூது இருக்கிறது. கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதாகத் தோன்றும். எனவே இரண்டு ஆம்புகளையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் நண்பரை மாற்றச் சொல்லிக் கேட்பதே நியாயமான சோதனை. நன்கு தெரிந்த பாட்டாக இருக்கட்டும். வயலின் இழைகளுக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), கீழ் சுரங்களுக்கு 'ரோஜா' (1992) பாடல்கள். ஆனால் தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்த பதிவை எந்த ஆம்பும் கரையேற்றாது.

சக்தி கூடினால் ஆபத்தும் கூடும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்த அளவு: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். தெரு இரைச்சலை மறைக்க ஆம்பைத் திருகுகிறவர் அந்தக் கணக்கை இரண்டே நாளில் தீர்த்துவிடலாம். அவருக்குத் தேவை கூடுதல் சக்தி அல்ல, காதை நன்றாக மூடும் ஹெட்போன். கெட்ட ஆம்பை மாற்றலாம். கெட்ட காதுக்கு எஸ்.பி. ரோட்டில் உதிரி பாகம் கிடையாது.

நீலசந்திரா இளைஞர் முதலில் செய்ய வேண்டியது, தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், அந்த ஹெட்போன் பெட்டியைத் தேடுவது. 300 ஓம் என்றிருந்தால் முதல் நண்பர் சொன்னது சரி. 32 ஓம், 100 டெசிபல் என்றிருந்தால் கோளாறு பதிவிலோ பிளேயரிலோ ஹெட்போனிலோ இருக்கிறது. அறுந்தோ தளர்ந்தோ போகாதவரை கேபிள் மேல் பழி போட வேண்டியதில்லை. வாடகைப் பணமும் பத்திரமாக இருக்கும்.