கோல் கம்பங்களுக்கிடையே ஒரு தமிழர்

அஸர் தொழுகைக்குப் பின் தாமிரபரணி மணலில் பந்தாடும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு செருப்புகளே அங்கே கோல் கம்பங்கள். அவற்றிடையே நிற்க எவனும் எளிதில் இசைவதில்லை. ஓடத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவனைப் பிடித்து நிறுத்துவார்கள். பத்துப் பந்துகளை அவன் தடுத்தாலும் பாராட்டில்லை. ஒன்று நழுவினால் மஃரிப் வரை ஏச்சுத்தான்!

அந்த இடத்தில் நின்றே ஆசியாவின் புகழைப் பெற்ற தமிழர் பீட்டர் தங்கராஜ். 1935இல் ஐதராபாத்தில் பிறந்தார். இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடினார். முதலில் அவர் கோல் அடிக்கும் முன்னணி ஆட்டக்காரர். பின்னரே கோல் காக்கும் பணிக்கு மாறினார் என்பது வியப்புக்குரியது. ஆறடிக்கும் மேற்பட்ட உயரம் அதற்கு ஏற்றதாயிற்று. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்திய அணியிலும், 1960இல் ரோம் சென்ற அணியிலும் அவர் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் எனப் போற்றப்பட்டார்.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதைப் பற்றி இந்திய அதிகாரி ஒருவர் கூறிய கருத்தால் ஊர் மக்கள் கொதித்திருந்தனர். இந்திய அணி களமிறங்கியபோதெல்லாம் கூச்சல். இறுதியாட்டத்தில் எதிரணி தென்கொரியா. முதல் ஆட்டத்திலேயே நம்மை 2-0 என வீழ்த்திய அணி. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஆசிரியராயிருந்தவர். முந்தைய ஆட்டங்களில் கோல் காத்த பிரத்யோத் பர்மனை நிறுத்திவிட்டு, காய்ச்சலால் ஒதுங்கியிருந்த தங்கராஜை அவர் களமிறக்கினார். வெற்றி தோல்வி இருக்கட்டும். பர்மனின் உள்ளம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் மற்றொன்றை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. அதன்பின் கழிந்த ஒவ்வொரு நிமிடமும் தங்கராஜுக்கு எவ்வளவு நீண்டிருக்கும்! ஆட்டம் 2-1 என முடிந்தது. கால்பந்தில் இந்தியா வென்ற கடைசி ஆசியத் தங்கம் அதுவே.

ரஹீம் புற்றுநோயால் மறுஆண்டே காலமானார். தங்கராஜ் முகமதன் ஸ்போர்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய கல்கத்தாவின் மூன்று பெரும் அணிகளுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008 நவம்பரில் பொகாரோவில் மறைந்தார்.