காயலான்கடையும் கற்றோர் கடனும்

பழம்பொருள் கடையைச் சென்னையில் 'காயலான்கடை' என்பர். காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர் அத்தொழிலில் ஈடுபட்டமையால் அப்பெயர் வந்தது எனக் கூறுவர். ஊர்ப்பெயர் தொழிலுக்கு ஆகிவந்த இவ்வழக்கு மொழி மாணவர்க்குச் சுவை தருவதே. ஆயின் நாளடைவில் அஃது ஏளனச் சொல்லாயிற்று. ஓடாத வண்டியைக் கண்டால் 'காயலான்கடைக்குப் போடு' என்கின்றனர். 'தந்தையின் தொழில்' என்னும் கட்டத்தில் 'வணிகம்' என்று மட்டும் எழுதி நிறுத்தும் பிள்ளைகளை நாம் அறிவோம். வெட்கப்படுதற்கு இத்தொழிலில் யாதுளது?

நம் ஆத்தூர் வீடுகளிலிருந்து வெளியேறும் நாளிதழும் தகர டப்பாவும் எங்கே செல்கின்றன? முன்பு பேரீச்சம்பழத்துக்குப் போட்டோம். இன்று காசுக்குப் போடுகிறோம். போட்டதும் மறந்துவிடுகிறோம். உண்மையான உழைப்போ அதன் பின்னரே தொடங்குகிறது. கடையின் பின்கட்டில் பெண்கள் அமர்ந்து தரம் பிரிக்கின்றனர். செய்தித்தாள் வேறு, குறிப்பேடு வேறு, அட்டைப்பெட்டி வேறு. இரும்பு வேறு, அலுமினியம் வேறு. பிளாஸ்டிக்கிலோ பால் உறையும் வாளியும் தண்ணீர் பாட்டிலும் தனித்தனி இனம். தொட்டுப் பார்த்தே இனங்காணும் அவ்வறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

காகிதம் ஆலைக்குச் சென்று நீரில் கரைந்து கூழாகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், நாளொன்றுக்கு 300 டன் திறனுடைய மைநீக்கக் கூழ் ஆலையை 2013இல் இயக்கத் தொடங்கியது. எனினும் ஒவ்வொரு சுற்றிலும் காகித இழை குறுகும். சில சுற்றுகளுக்குப் பின் பயன்படாது. அலுமினியத்துக்கு அக்குறை இல்லை. தாதுவிலிருந்து பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே அதனை மீண்டும் உருக்கப் போதும். தண்ணீர் பாட்டில் செதில்களாக அரைபட்டுப் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையாகிறது. மீண்டும் பாட்டிலாவது குறைவு.

எவரும் வாங்காத பொருளும் உண்டு. ஷாம்பூ, பாக்கு, நொறுக்குத்தீனி ஆகியவற்றின் பளபளக்கும் உறைகளே அவை. பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் ஒட்டிக் கிடக்கும் அவற்றைப் பிரிக்கும் செலவு, கிடைக்கும் விலையினும் மிகுதி. ஆதலின் அவை குப்பைமேட்டில் எரியும். அன்றேல் மழைநீரோடு வசிட்ட நதியில் இறங்கும். பிளாஸ்டிக் கழிவைத் தாருடன் சேர்த்துச் சாலையிடும் முறையைக் கண்டவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். கல்லூரி ஒன்றில் பிறந்த வழி என்பதில் நமக்குப் பெருமிதமே. ஆனால் அதற்கும் கழிவு தூய்மையாக வந்து சேர்தல் வேண்டும்.

ஈரக்குப்பை, உலர்குப்பை, தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே பிரிக்குமாறு 2016ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் பணித்தன. குழம்பில் நனைந்த செய்தித்தாளை எந்த ஆலை ஏற்கும்? உடைந்த கண்ணாடியும் சவர அலகும் ஊசியும் கலந்த மூட்டையில் முதலில் நுழைவது அப்பெண்களின் வெறுங்கை. பாதையில் இடர்தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்தார்கள். பாதைக்கு உரிய அவ்வொழுக்கம் நம் குப்பை மூட்டைக்கும் உரியதன்றோ?

ஜமாஅத் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். வலீமா விருந்து முடிந்ததும் எச்சில் இலையையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரே மூட்டையில் கட்டும் வழக்கத்தை மண்டபங்களில் நிறுத்தச் செய்யலாம். பழம்பொருள் கடை நடத்தும் நம்மவர், தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கையுறையும், கை கிழிந்த நாளில் மருந்துச் செலவும் கூலியும் தருதல் வேண்டும்.