அவுரியின் கதை

மனிதன் செடிகொடிகளை உண்டான், நூலாக்கி உடுத்தான், மருந்தாக அரைத்துக் குடித்தான் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஒரு செடியைக் கொண்டு மற்றொரு மனிதனைக் கட்டிப் போடவும் அவன் கற்றுக்கொண்டான். அவுரியின் கதை அத்தகையது.

அவுரி இலையைப் பார்த்தால் அதற்குள் நீலம் இருப்பதாக யாருமே சொல்லமாட்டார்கள். தழையைத் தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, வடித்த நீரைத் துடுப்புகளால் அடித்துக் கலக்கவேண்டும். காற்றுப் படப்பட, பச்சையும் மஞ்சளுமாயிருந்த நீர் நீலமாகிவிடும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சிப் பிழிந்து கட்டிகளாக உலர்த்துவார்கள். இத்தனை வருஷம் ரசாயனம் போதித்தும் இந்த விந்தை நமக்கு அலுக்கவில்லை. கிரேக்கர்கள் இச்சாயத்தை 'இந்தியப் பொருள்' என்றே அழைத்தார்கள்.

பீஹாரின் சம்பாரண் ஜில்லாவில் ஜமீன் கிராமங்களைக் குத்தகைக்கு எடுத்த வெள்ளைக்காரத் துரைமார், 20 கட்டா நிலம் உள்ள குடியானவன் 3 கட்டாவில் அவுரி விதைத்தே தீரவேண்டும் என்று விதித்தார்கள். எந்த நிலம் என்று தீர்மானிப்பதும் துரை. விலை வைப்பதும் துரை.

1897-ல் ஜெர்மானியக் கம்பெனி ஒன்று தொழிற்சாலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரியின் விலை சரிந்தது. குடியானவன் பிழைத்தான் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை! தமக்கே இலாபமில்லாத பயிரிலிருந்து அவனை விடுவிப்பதற்கு, துரைமார் சிலரிடம் ரொக்கம் வாங்கினார்கள்; சிலருக்கு வாரத்தை உயர்த்தினார்கள்.

ராஜகுமார் சுக்லா என்ற குடியானவர் 1916-ல் லக்ஷ்மணபுரிக் காங்கிரஸில் காந்திஜியைப் பிடித்துக்கொண்டார், அழைத்துவரும்வரை விடவில்லை. 1917 ஏப்ரலில் ஜில்லாவை விட்டு வெளியேறும்படி பிறந்த உத்தரவுக்குக் காந்திஜி கீழ்ப்படியவில்லை. மோதிஹாரிக் கோர்ட்டில் அதை ஒப்புக்கொண்டார். வழக்கு வாபஸாயிற்று. ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. விசாரணைக் குழு ஏற்பட்டு, 1918-ல் சட்டம் அந்தக் கட்டாயத்தை ஒழித்தது. வாங்கிய ரொக்கத்தில் கால் பங்கைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

"கால் பங்குதானா?" என்று வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான். தொகையைவிட, துரைமார் வாங்கியதைத் திருப்பித் தர இசைந்ததே காந்திஜிக்குப் பெரிதாயிருந்தது என்றோம். பையனுக்குச் சமாதானமாகவில்லை. மீதி முக்கால் பங்குக்கு இன்னும் நம்மிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.